பல்லை வெள்ளையாக்கலாமா? பாதுகாப்பு, பலன், செய்முறை: முழுமையான வழிகாட்டி

பல்லை வெள்ளையாக்கும் சிகிச்சை பற்றி இரண்டு விதமான பேச்சு உண்டு. "அதெல்லாம் ஆசிட், பல்லையே அரித்துவிடும்" என்பது ஒன்று. "அரை மணி நேரத்தில் முத்துப் பல்" என்பது இன்னொன்று, இது பெரும்பாலும் விளம்பரம். இரண்டையும் நம்ப வேண்டாம். இதற்குப் பயன்படும் மருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு, அல்லது அதை மெதுவாக வெளியிடும் கார்பமைடு பெராக்சைடு. குறைந்த செறிவில், ஈறில் படாமல், பொருத்தமான பல்லில் வைத்தால் பாதுகாப்பானது. பலனும் கண்ணுக்குத் தெரியும். பொருந்தாத பல்லில் வைத்தால் காசும் போகும், பல் கூச்சம்தான் மிஞ்சும். அதனால் ஜெல்லைக் கையில் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றுக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: பல்லின் இயல்பான நிறத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

பல்லின் மேல்தோடான எனாமல் ஓரளவு ஒளியை உள்ளே விடும். அதற்கு அடியில் உள்ள டென்டின் மஞ்சள் நிறம். நமக்கு வெளியே தெரிவது பெரும்பாலும் அந்த டென்டினின் நிறம்தான். வயது ஏற ஏற எனாமல் தேய்கிறது, டென்டின் தடிக்கிறது, பல் மஞ்சளாகிறது. கோரைப்பல் பக்கத்துப் பற்களைவிட மஞ்சளாக இருந்தால் அது நோயல்ல, இயல்பு. ஏழெட்டு வயதில் முளைக்கும் புதுப் பல் மஞ்சளாக இருக்கிறதே என்று பெற்றோர் பதறுவார்கள். பக்கத்திலிருக்கும் பால்பல் அதிக வெள்ளை என்பதால் அப்படித் தெரிகிறது, வேறொன்றுமில்லை.

காகித வெள்ளை என்பது இயற்கைப் பல்லின் நிறமே அல்ல. திரையில் நாம் பார்க்கும் அந்த வெள்ளை பெரும்பாலும் பல்லின் மேல் ஒட்டிய பீங்கான் தகடு. உங்கள் கண்ணின் வெண்மையை ஒட்டி வந்துவிட்டால் முகத்துக்குப் பொருந்தும். அதைத் தாண்டிப் போக ஆசைப்படுபவர்களுக்குத்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

படி 2: கறை பல்லுக்கு வெளியே இருக்கிறதா, உள்ளேயா?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

வெளிக்கறை பல்லின் மேற்பரப்பில் படிவது. டீ, காபி, வெற்றிலை பாக்கு, புகையிலை எல்லாம் இந்த வகை. குழந்தைகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து சிரப் கறுப்பாகப் படியும். பலர் யோசிக்காத காரணம் ஒன்றும் உண்டு: குளோர்ஹெக்சிடின் கலந்த மவுத்வாஷ். ஈறு வீக்கத்துக்கு டாக்டர் இரண்டு வாரம் எழுதிக் கொடுத்திருப்பார். வாய் நன்றாக இருக்கிறதே என்று மாதக்கணக்கில் கொப்பளித்தால் பல் பழுப்பாகிவிடும். வெளிக்கறை பல் இடுக்கிலும் ஈறோரத்திலும், கீழ் முன்பற்களின் உட்புறத்திலும் அடர்த்தியாக இருக்கும். கல்போல் இறுகிப் படிந்த காரையும் சேர்ந்திருந்தால் நாக்கில் சொரசொரப்புத் தட்டும். இதற்கு பெராக்சைடு தேவையே இல்லை. சுத்தம் செய்தாலே போய்விடும்.

உட்கறையில் பல வகை உண்டு, ஒவ்வொன்றும் சிகிச்சைக்கு வேறு மாதிரி பதில் சொல்லும்.

வயதால் வந்த மஞ்சள், வருஷக்கணக்கில் டீயும் காபியும் குடித்து உள்ளே இறங்கிய மஞ்சள், பிறவியிலேயே இருக்கும் மஞ்சள் ஆகியவைதான் பெராக்சைடுக்கு நன்றாக வெளுக்கும்.

ஃபுளோரைடு கறை வேறு கதை. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. இலங்கையில் அநுராதபுரம் உள்ளிட்ட வடமத்திய மாகாணத்திலும் இதே பிரச்சினை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்து, நிரந்தரப் பற்கள் எலும்புக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அதாவது ஏறத்தாழ எட்டு வயதுக்குள், அதைக் குடித்து வளர்ந்தால் எனாமலே திட்டுத்திட்டாக அமைந்துவிடும். லேசாக இருந்தால் சுண்ணாம்பு வெள்ளைக் கோடுகள், கடுமையாக இருந்தால் பழுப்புத் திட்டும் குழியும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஜப்பான் கடனுதவியில் கட்டி 2013ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு இருப்பது இதனால்தான். பல் முளைத்த பிறகு தண்ணீரை மாற்றினால் அடுத்த தலைமுறைக்கு நல்லது, முளைத்த பல் மாறாது. இந்தப் பல்லில் வெண்மையாக்க ஜெல் வைத்தால் பழுப்பு குறையும். ஆனால் வெள்ளைத் திட்டு போகாது. முதல் சில நாட்களில் இன்னும் பளிச்சென்று தெரியக்கூடச் செய்யும். சுற்றியுள்ள பகுதி வெளுத்த பிறகு திட்டு ஓரளவு அமுங்கும். மிச்சத்துக்கு எனாமலின் மேற்பரப்பை மிக மெல்லியதாகச் சீவும் முறையும், திட்டுக்குள் பிசினை ஊறவைக்கும் முறையும் இருக்கின்றன. வெண்மையாக்கம் மட்டும் போதும் என்று யாராவது உறுதி சொன்னால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள்.

டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தாய் கர்ப்பக் காலத்தில் சாப்பிட்டிருந்தாலோ, எட்டு வயதுக்குள் குழந்தைக்குக் கொடுத்திருந்தாலோ பல்லில் சாம்பல், பழுப்புப் பட்டைகள் வரும். இதற்கும் பலன் உண்டு. ஆனால் வாரக்கணக்கு போதாது, இரண்டு முதல் ஆறு மாதம் வரை தினமும் வைக்க வேண்டியிருக்கும். மஞ்சளும் பழுப்பும் ஓரளவு இறங்கும், சாம்பல் நிறம் பிடிவாதமானது.

கடைசி வகை, வரிசையில் ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருப்பது. சின்ன வயதில் கீழே விழுந்து அடிபட்டதை மறந்தே போயிருப்பீர்கள், உள்ளே நரம்பு செத்திருக்கும். இதற்கு முதலில் எக்ஸ்ரே. வேர் முனையில் சீழ் இருந்தாலும் வலியே இல்லாமல் வருஷக்கணக்கில் இருக்கலாம். ரூட் கெனால் செய்த பிறகு, பல்லின் உள்ளிருந்தே மருந்து வைத்து வெளுக்கும் முறை இருக்கிறது. சோடியம் பெர்போரேட்டைத் தண்ணீரில் குழைத்து உள்ளே வைத்து மூடி, சில நாளுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். முன்காலத்தில் அதிகச் செறிவு பெராக்சைடை உள்ளே வைத்துச் சூடு காட்டியதில் சிலருக்குப் பல்லின் கழுத்துப் பகுதி கரைந்து பல்லே போனது. ஆகையால் இப்போது வேர்ச் சிகிச்சை செய்த இடத்துக்கு மேல் ஒரு தடுப்பு போட்டுவிட்டுத்தான் மருந்து வைக்க வேண்டும். "தடுப்பு போடுவீர்களா டாக்டர்?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

படி 3: வாயைக் காட்டுங்கள், ஸ்கேலிங் செய்துகொள்ளுங்கள்

சொத்தை, வெடிப்பு, ஒழுகும் பழைய அடைப்பு, ஈறு இறங்கி வெளியே தெரியும் வேர் இவற்றில் எது இருந்தாலும் பெராக்சைடு நேராக நரம்புப் பக்கம் போகும். நல்ல பல்லிலேயே சில நிமிடங்களில் எனாமலையும் டென்டினையும் கடந்து உள்ளே போகக்கூடிய சின்ன மூலக்கூறு அது. ஓட்டை வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம். இவற்றை முதலில் சரிசெய்ய வேண்டும்.

பாக்கு மெல்லும் பழக்கமுள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று. பாக்கே, புகையிலை சேராவிட்டாலும், வாய்ப்புற்றுநோய்க்குக் காரணம் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. வாய் முன்போல் அகலத் திறக்கவில்லை, காரம் பட்டால் எரிகிறது, கன்னத்தின் உட்புறம் வெளிறி இறுகியிருக்கிறது என்றால் பல்லின் நிறத்தை மறந்துவிட்டு முதலில் அதைக் காட்டுங்கள்.

இனி ஸ்கேலிங், அதாவது காரையை எடுத்துப் பல்லைச் சுத்தம் செய்வது. "கிளீனிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும், எனாமல் தேயும்" என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். நடப்பது என்னவென்றால், வருஷக்கணக்கில் சேர்ந்த காரை ஈறைத் தள்ளி எலும்பைக் கரைத்திருக்கும். பல்லை ஒன்றோடொன்று பிணைத்து நிற்க வைப்பதும் அதே காரைதான். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டமும் இடைவெளியும் தெரியவருகின்றன. பழி கருவியின் மேல் விழுகிறது. சுத்தம் செய்த பிறகு சில நாள் கூசும், வீங்கிய ஈறு வற்றும், அவ்வளவுதான்.

ஸ்கேலிங்கும் பாலிஷும் முடிந்து ஒரு வாரம் பொறுத்துக் கண்ணாடியில் பாருங்கள். பலருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடும். பெரிய தொகைக்கு வெண்மையாக்கம் பேச வந்தவரிடம் "ஸ்கேலிங் போதும், வீட்டுக்குப் போங்கள்" என்று சொல்லும் டாக்டர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

படி 4: யார் தள்ளிப்போட வேண்டும்?

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தள்ளிப்போடலாம். கெடுதல் நிரூபணமானது என்பதால் அல்ல, அழகுக்காகச் செய்வதை அந்த நேரத்தில் செய்ய அவசியம் இல்லை என்பதால். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பல்லின் நரம்பறை பெரிது, கூச்சம் அதிகம், அவர்களும் காத்திருக்கட்டும். ஏற்கெனவே குளிர்ந்த தண்ணீருக்கே துள்ளுபவர்கள் கூச்சத்தைக் குறைத்த பிறகு வரலாம்.

முன்பல்லில் கேப், பீங்கான் தகடு, பல் நிற அடைப்பு இருப்பவர்களுக்கு முக்கியமான விஷயம்: செயற்கைப் பொருள் எதுவும் வெளுக்காது. சுற்றியுள்ள பற்கள் வெளுத்து, கேப் மட்டும் பழைய நிறத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். அதை மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

படி 5: முறையைத் தேர்ந்தெடுங்கள்

கிளினிக்கில் ஒரே அமர்வில் செய்யும் முறைக்கு 25 முதல் 40% ஹைட்ரஜன் பெராக்சைடு பயன்படுத்துகிறார்கள். இந்தச் செறிவு ஈறில் பட்டால் வெந்து வெளுக்கும். அதனால் ஈறின் மேல் தடுப்புப் பூச்சு பூசி, உதட்டை விலக்கி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டி, பதினைந்து இருபது நிமிடமாக இரண்டு மூன்று தடவை ஜெல் மாற்றுவார்கள். எழுந்து கண்ணாடியைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். அந்த அதிசயத்தில் ஒரு பகுதி பல் வறண்டதால் வந்தது. எச்சில் ஊறியதும் சில நாளில் நிறம் கொஞ்சம் இறங்கும்.

நீல விளக்கு பற்றியும் சொல்லிவிடுகிறேன். விளம்பரப் படங்களில் விளக்கு இல்லாமல் வெண்மையாக்கமே இல்லை. ஆனால் விளக்குடனும் விளக்கில்லாமலும் செய்து ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தால் நிலைத்த பலனில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வேலையைச் செய்வது ஜெல். விளக்குக்கென்று தனிக் கட்டணம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, டாக்டர் செய்து தரும் டிரேயில், அதாவது பற்களின் மேல் கச்சிதமாக மாட்டும் மெல்லிய உறையில், ஜெல் வைத்து வீட்டில் இரவு போட்டுக்கொள்வது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் ஒரு பல் சீரமைப்பு மருத்துவர், ஈறுப் புண்ணுக்கு 10% கார்பமைடு பெராக்சைடு கலந்த கிருமிநாசினியை டிரேயில் வைத்துக்கொள்ளச் சொன்னார். புண் ஆறியதோடு பல்லும் வெளுத்தது. வட கரோலினாவின் ஹேவுட், ஹேமன் என்ற இரு பல் மருத்துவர்கள் 1989ல் இதை முறைப்படி எழுதி வெளியிட்டார்கள். அன்றிலிருந்து அதிகம் ஆராயப்பட்ட முறை இதுதான். 10% கார்பமைடு பெராக்சைடு உடைந்தால் கிடைப்பது 3.5% அளவு ஹைட்ரஜன் பெராக்சைடு மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியம் 2012 அக்டோபர் 31 முதல் 6 சதவீதத்துக்கு மேற்பட்ட பெராக்சைடை வெண்மையாக்கத்துக்குத் தடை செய்திருக்கிறது. 0.1 முதல் 6% வரை உள்ளதையும் பல் மருத்துவர் வழியாக மட்டுமே, 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே தரலாம். டிரே முறை இந்த வரம்புக்குள் சௌகரியமாக அடங்குகிறது.

என்னைக் கேட்டால் டிரே முறைதான். இறுதியில் கிடைக்கும் நிறம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே, கூச்சம் இதில் குறைவு, செலவும் பொதுவாகக் குறைவு. பொறுமை மட்டும் வேண்டும். கல்யாணம் வைத்திருப்பவர்கள் முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கினால் போதும். ஸ்கேலிங்குக்கு ஒரு வாரம், டிரேக்கு இரண்டிலிருந்து நான்கு வாரம், நிறம் நிலைக்க இரண்டு வாரம். முந்தின வாரம் ஓடி வருபவர்களுக்குத்தான் அந்த அதிகச் செறிவு அமர்வு தேவைப்படுகிறது, தாலி கட்டும் நேரத்தில் பல் கூசிக்கொண்டிருக்கும் வாய்ப்போடு.

கடையில் கிடைக்கும் வெண்மை பேஸ்ட்டுகள் மேற்கறையைத் தேய்த்து எடுக்கும், உள்நிறத்தைப் பெரிதாக மாற்றாது. சிலவற்றில் நீல நிறமி இருக்கும். மஞ்சளின் மேல் நீலச் சாயல் பட்டதும் பல் வெள்ளையாகத் தோன்றும், சில மணி நேரத்தில் போய்விடும். ஊதா சீரம் என்று விற்பதும் அதே வித்தைதான். போட்டோ எடுக்கப் போகும் நாளைக்கு உதவலாம், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

படி 6: டிரே முறையைச் செய்வது எப்படி?

முதல் நாளே நிற அட்டையை வைத்து உங்கள் பல் எந்த எண்ணில் இருக்கிறது என்று குறித்து வாங்குங்கள். டாக்டர்கள் வழக்கமாக வைத்திருக்கும் விட்டா அட்டையில் 16 நிறங்கள். கூடவே பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது.

டாக்டர் உங்கள் பல்லுக்கு அச்செடுத்து மெல்லிய டிரே செய்து தருவார். ஈறோரத்தில் கச்சிதமாக நிற்க வேண்டும், குத்தினாலோ ஈறின் மேல் ஏறினாலோ வெட்டித் தரச் சொல்லுங்கள். ஜெல்லை ஃபிரிட்ஜில் வையுங்கள், நம் ஊர் வெயிலுக்கு வெளியே வைத்தால் வீரியம் போய்விடும்.

இரவு பல் துலக்கி, இடுக்குகளையும் சுத்தம் செய்த பிறகு டிரேயில் ஒவ்வொரு பல்லுக்கும் முன்பக்கமாக ஒரு சிறு பொட்டு ஜெல் போதும். அதிகம் வைத்தால் அதிகம் வெளுக்காது, ஈறில்தான் வழியும். போட்டதும் வழிந்ததைத் துணியால் துடைத்துவிடுங்கள். 10% ஜெல்லோடு இரவு முழுக்கத் தூங்கலாம். அதைவிடச் செறிவானது என்றால் டாக்டர் சொன்ன மணி நேரம் மட்டும். தூக்கத்தில் கொஞ்சம் விழுங்கினால் பயப்பட வேண்டாம், எச்சிலில் உள்ள நொதிகளே பெராக்சைடை உடைத்துவிடும். காலையில் டிரேயைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் நெளிந்துவிடும்.

முதல் வாரத்தில் பற்கள் திட்டுத்திட்டாக வெளுப்பது சகஜம். கோரைப்பல் கடைசியாக வரும். சாதாரண மஞ்சளுக்கு இரண்டு வாரத்தில் நல்ல மாற்றம் தெரியும், சிலருக்கு ஆறு வாரம் வரை ஆகும்.

அந்த நாட்களில் டீ, காபியை நிறுத்தியே ஆகவேண்டுமா? ஆய்வுகளில் அதற்குப் பெரிய ஆதாரம் இல்லை. குடித்ததும் வாயைக் கொப்பளித்தால் போதும். சிகரெட், வெற்றிலை பாக்குக்கு இந்தச் சலுகை கிடையாது.

படி 7: கூசினால்?

கூச்சம்தான் இந்தச் சிகிச்சையின் முதன்மைப் பக்கவிளைவு, நிறையப் பேருக்கு வரும். ஏசி அறையில் வாயைத் திறந்தால்கூடச் சுரீரென்று இழுக்கும். நிறுத்திய சில நாளில் போய்விடும். முன்கூட்டியே தடுக்க, தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து 5% பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்சப் பேஸ்ட்டால் துலக்குங்கள். கூச்சம் வந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஜெல் வையுங்கள், இடைப்பட்ட நாளில் அதே பேஸ்ட்டை டிரேயில் இட்டு பத்து முதல் முப்பது நிமிடம் போட்டுக்கொள்ளுங்கள். ஈறில் வெள்ளைப் படை வந்தால் ஜெல் அதிகம் என்று அர்த்தம், ஓரிரு நாளில் ஆறிவிடும். ஒரே பல் மட்டும் விடாமல் வலித்தாலோ, சூட்டுக்கு வலித்தாலோ ஜெல்லை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள், அது வழக்கமான கூச்சம் அல்ல.

எனாமல் கரைந்துவிடுமா என்ற பயத்துக்கும் பதில் உண்டு. சிகிச்சையின்போது எனாமலின் கடினத்தன்மை லேசாகக் குறைவது ஆய்வகங்களில் தெரிந்திருக்கிறது. எச்சிலில் உள்ள கால்சியமும் ஃபுளோரைடும் அதைப் பெரும்பாலும் மீட்டுவிடுகின்றன. டாக்டர் சொன்ன நாளுக்கு மேல், ஆசைக்காகத் தொடர்ந்து வைத்துக்கொண்டே இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து.

இவற்றைத் தொடவே வேண்டாம்

எலுமிச்சை. இதன் சாற்றின் பிஎச் 2 முதல் 2.5 வரை (பிஎச் எண் குறையக் குறைய அமிலம் கூடும்). எனாமல் 5.5க்குக் கீழேயே கரையத் தொடங்கும். சமையல் சோடாவோடு கலந்து தேய்த்தால் முதல் நாள் பளபளக்கும். கரைந்த எனாமல் மீண்டும் வளராது, அடியிலிருக்கும் மஞ்சள் டென்டின் இன்னும் துலக்கமாகத் தெரியும். வெள்ளையாக்கப் போய் மஞ்சளாக்கிக்கொள்ள இதைவிட நேர்வழி இல்லை.

கரி, உப்பு, சாம்பல், செங்கல் தூள், காவி சேர்த்த சிவப்புப் பல்பொடி எல்லாம் ஒரே கணக்கில் வருபவை: தேய்ப்பு. கரி இப்போது அழகான டப்பாவில் விலை கூடி வந்திருக்கிறது. வெண்மையாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, ஈறோரத்தில் பல் தேய்ந்து பள்ளம் விழுவது கண்கூடு. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள், வெள்ளை என்று சொல்லவில்லை.

மருந்துக்கடையில் புண் கழுவ விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு பாட்டிலை வாங்கிக் கொப்பளிப்பதும் வேண்டாம். அது பல்லில் நிற்காமல் வாய் முழுக்கப் படும். ஆன்லைனில் வரும் "பெராக்சைடு இல்லாத" கிட்டுகளையும் சந்தேகத்தோடு பாருங்கள். அவற்றில் சிலவற்றில் குளோரின் டைஆக்சைடு இருக்கும், அது அமிலத்தன்மையோடு எனாமலை அரிக்கக்கூடியது.

பியூட்டி பார்லரில் இதைச் செய்யாதீர்கள். செய்பவர் பி.டி.எஸ். படித்து, தமிழ்நாடு என்றால் தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலில், இலங்கை என்றால் இலங்கை மருத்துவச் சபையில், மலேசியா என்றால் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

படி 8: வெளுத்த பிறகு

சிகிச்சை முடிந்ததும் கேப், அடைப்பு மாற்ற அவசரப்பட வேண்டாம். இரண்டு வாரம் விடுங்கள். பல்லில் தங்கிய ஆக்சிஜன் இருக்கும் வரை அடைப்புப் பிசின் சரியாக ஒட்டாது, நிறமும் நிலைத்திருக்காது. நிலைத்த பிறகு அந்த நிறத்துக்கு ஏற்றபடி கேப் செய்துகொள்ளலாம்.

பலன் பொதுவாக ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை நிற்கும். புகையிலை, பாக்கு தொடர்ந்தால் அதற்கு முன்பே மங்கும். டிரேயைப் பத்திரமாக வைத்திருந்தால் மங்கும்போது புது ஜெல் மட்டும் வாங்கி ஓரிரு இரவு போட்டால் போதும், முழுச் சிகிச்சையும் மறுபடி தேவையில்லை. முன்பல்லின் கீழ் ஓரம் நீலமாக, கண்ணாடி போலத் தெரிய ஆரம்பித்தால் அந்தப் பல்லில் வெளுக்க இனி எதுவும் இல்லை. ஜெல் மிச்சமிருந்தாலும் அங்கே நிறுத்திவிடுங்கள்.